நமுனுகுலச் சாரலில் கோப்பி

சில மாதங்களுக்கு முன்பு ஒரு மாலை, சங்கக் கூட்டம் முடிந்து இஞ்சிக் கோப்பி பரிமாறப்பட்டுக் கொண்டிருந்த வேளையில், இளைய உறுப்பினர் ஒருவர் எழுந்து, "நல்ல கோப்பித்தூள் எது?" என்று பெரியோரிடம் கேட்டார். விளையாட்டாக எழுந்த கேள்விதான். ஆயினும் அதற்கு நான்கு பெரியவர்கள் நான்கு விடை கூறினர். ஒருவர் வீட்டுத் தோட்டத்துக் கொட்டையை உரலிலிட்டு இடித்ததே கோப்பி என்றார். மற்றொருவர் கும்பகோணத்து உறவினர் வீட்டில் பித்தளை வடிகலத்தில் இறங்கிய காப்பியைப் புகழ்ந்தார். மூன்றாமவர் எந்தத் தூளானாலும் மல்லி சேராவிட்டால் அது கோப்பியே அன்று என்று சாதித்தார். நான்காமவரோ, நமக்கெதற்குக் கோப்பி, நாம் தேயிலை மக்கள் அல்லவா என்று சிரித்துவிட்டுப் போனார்.

அந்த நான்காவது விடைதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. நாம் தேயிலை மக்கள் என்பது பாதி உண்மையே. நம் முன்னோரை இந்த மலைகளுக்கு முதலில் அழைத்து வந்தது தேயிலையன்று, கோப்பி. இன்று லயத்துக்குப் பின்னால், வாழைக்கும் கொய்யாவுக்கும் நடுவே கவனிப்பாரற்று நிற்கும் அந்தக் கருஞ்செடி நம் குடும்ப வரலாற்றின் முதற்பக்கம்.

நமுனுகுல என்ற சிங்களப் பெயர் ஒன்பது சிகரங்கள் என்று பொருள்படும். பசறையிலிருந்து நோக்கினாலும் தெமோதரையிலிருந்து நோக்கினாலும், 6,600 அடிக்கு மேல் உயர்ந்த அம்மலை மேகத்தைத் தலையில் சுற்றிக்கொண்டு நிற்பதைக் காணலாம். அதன் சாரலில் 3,000 அடி முதல் 5,000 அடி வரையுள்ள நிலம் அரபிக்கா என்னும் இனத்துக் கோப்பிக்கு ஏற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேயத் துரைமார் இதனைக் கண்டுகொள்ள நெடுங்காலம் எடுக்கவில்லை.

ஒல்லாந்தர் காலத்திலேயே கரையோரத் தாழ்நிலத்தில் கோப்பியைப் பயிரிட்டுப் பார்த்தனர், அது செழிக்கவில்லை. 1815 இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனபின் மலைநாட்டின் கதவு திறந்தது. 1820களில் கம்பளைக்கு அண்மையில் ஜோர்ஜ் பேர்ட் என்பவரும், பேராதனைக்கு அண்மையில் கன்னொறுவையில் தேசாதிபதி எட்வர்ட் பான்ஸ் அவர்களும் தோட்டம் திறந்தனர். மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பிக்கு இங்கிலாந்தில் இருந்த வரிச்சலுகை 1835 இல் நமது கோப்பிக்கும் கிடைத்ததும், காடுகள் தீயிட்டு அழிக்கப்பட்டன. கண்டியைச் சுற்றித் தொடங்கிய அந்த வெறி மலை மலையாகத் தாவி ஊவாவையும் வந்தடைந்தது. 1847 இல் விலை வீழ்ந்து பல துரைமார் கடனாளியாயினர். ஆனாலும் கோப்பி மீண்டும் தலைதூக்கியது. 1870 இல் இலங்கை ஏற்றுமதி செய்த கோப்பி சுமார் பத்துக் கோடி இறாத்தல். 1878 ஆம் ஆண்டளவில் கோப்பி நின்ற நிலம் ஏறத்தாழ 2,75,000 ஏக்கர்.

இத்தனை பழத்தையும் பறித்தது யார்? இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, தஞ்சை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமாருடன் புறப்பட்டு, தோணியில் மன்னார்க் கரையேறி, காட்டுவழியே நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளையை அடைந்த நம்மவர். பேதியும் காய்ச்சலும் பசியும் வழிநெடுகப் பலரைத் தின்றன. மாத்தளையோடு நடை முடிந்ததா? ஊவாவுக்கு வந்தோர் அதன்பின் மலைமுகடுகளையும் கடக்க வேண்டியிருந்தது. 2023 இல், அந்த வருகையின் இருநூறாம் ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்தனர். இளைஞர் பலர் அதனைத் தேயிலையின் நினைவு நடை என்றே எண்ணியிருந்தனர். அந்தப் பாதையில் முதலில் தேய்ந்த கால்கள் கோப்பிக்காக நடந்தவை.

இங்கே ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். கோப்பிக்குப் பழம் பறிக்கும் மாதங்களில்தான் ஆள் மிகுதியாக வேண்டும். ஆகவே அன்று வந்தோரிற் பெரும்பாலோர் ஊரில் வயல் வேலை ஓய்ந்த காலத்தில் வந்து, பறிப்பு முடிந்ததும் கூலியை மடியில் முடிந்துகொண்டு திரும்பிச் சென்ற ஆண்கள். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடுவது. அதற்கு என்றும் கை வேண்டும். அதிலும் பெண்களின் கை வேண்டும். கோப்பி போய்த் தேயிலை வந்தபோதுதான் குடும்பம் குடும்பமாக லயத்தில் நிலைத்தோம். வந்து போகிறவர்கள் என்று நம்மைப் பற்றிப் பிற்காலத்தில் அரசியல்வாதிகள் பேசிய பேச்சுக்குக் கோப்பிக் காலத்து நடைமுறை ஒரு சாக்காயிற்று. தேயிலைக் காலத்தில் மூன்று தலைமுறை வேரூன்றிய பின்னரும் 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அந்தக் குறை முற்றாகத் தீரச் சட்டப்படி 2003 வரை காத்திருக்க நேர்ந்தது.

நிற்க. கோப்பியின் அழிவும் நம் ஊவாவிலேயே தொடங்கியது என்பதைப் பலர் அறியார். 1869 இல் மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றில் இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சட் பொடி படிந்த புள்ளிகள் தென்பட்டன. பேராதனைப் பூந்தோட்டத்தின் தலைவராக இருந்த துவெயிட்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பேர்க்லி என்னும் பூஞ்சண அறிஞர் அதனை ஆராய்ந்து ஹெமிலேயா வாஸ்டாட்றிக்ஸ் என்று பெயரிட்டார். அதன் நுண்வித்து ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் முள்முள்ளாகவும் இருக்கும். பெயரின் முற்பாதி அதனைக் குறிப்பது. பிற்பாதிக்கு நாசம் செய்பவள் என்று பொருள். துரைமார் இந்த வாயில் நுழையாப் பெயரைத் திரித்து, 'நாசக்கார எமிலி' என்று கேலியாக அழைத்தனராம். கேலி நெடுநாள் நீடிக்கவில்லை.

நோய் வந்தவுடனே தோட்டங்கள் மடிந்துவிடவில்லை. விளைச்சல் ஆண்டுக்காண்டு குறைந்தது. ஆனால் உலகச் சந்தையில் விலை ஏறியிருந்தபடியால், குறைவை மறைக்கத் துரைமார் மேலும் மேலும் காடு வெட்டிக் கோப்பியே நட்டனர். மலை முழுவதும் ஒரே செடி. காற்று அடித்தால் ஒரு தோட்டத்துப் பொடி அடுத்த தோட்டத்துக்கு. 1880 இல் வந்து இரண்டாண்டு ஆராய்ந்த மார்ஷல் வார்ட் என்ற இளம் அறிஞர், நோயைப் பரப்புவது காற்று என்றும், இடையே வேறு மரங்களின்றி ஒரே பயிரைப் பரப்பியதே அதற்குத் துணையாயிற்று என்றும் விளக்கினார். அப்போது காலம் கடந்துவிட்டது. 1884 இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. இடையில் சிங்கோனாப் பட்டை சில காலம் கைகொடுத்து அதுவும் விலையிழந்தது. லூல்கந்துரத் தோட்டத்தில் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் பயிரிட்டிருந்த தேயிலையே நாட்டைக் காத்தது. பட்ட கோப்பி மரங்களின் அடிக்கட்டைகள் இங்கிலாந்துக்குக் கப்பலேறி, தேநீர் மேசைகளுக்குக் கால்களாயின என்று சொல்வார்கள். ஊவாத் துரைமார் தங்கள் கோப்பிக்காகப் பல்லாண்டு வேண்டி நின்ற புகையிரதம் பதுளைக்கு வந்து சேர்ந்தது 1924 இல்; அன்று ஏற்றி அனுப்ப இருந்தது தேயிலைப் பெட்டி.

இன்னொரு வியப்பு. கோப்பிப் பயிர்ச்செய்கையைப் பற்றித் தமிழில் ஒரு கும்மியே உண்டு. கணக்கப்பிள்ளையாக இருந்த ஆபிரகாம் ஜோசப் என்பவர் பாடிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' அது. மலையகத் தமிழ் இலக்கியத்தின் தொடக்க நூல்களில் ஒன்றாக அறிஞர் அதனைக் கொள்வர். அச்சான ஆண்டு 1869. மடுல்சீமையில் இலை மஞ்சளித்த அதே ஆண்டு! பயிரைப் பாடிய கும்மி அச்சகத்தை விட்டு வெளிவரும்போது பயிருக்கு நாள் குறிக்கப்பட்டாகிவிட்டது.

இனி, நம் இளைஞரின் கேள்விக்கு வருவோம். நல்ல தூள் எது என்று கேட்பதைவிட, எந்தப் பாத்திரத்துக்கு எந்தக் கொட்டை என்று கேட்பதே பொருந்தும். இதற்கும் அந்தப் பழைய காலமே விடை வைத்திருக்கிறது.

அன்று கொழும்புச் சந்தையில் இருவகைக் கோப்பி இருந்தது. ஒன்று தோட்டக் கோப்பி. பழம் பறித்த அன்றே ஆலையில் தோலை உரித்து, தொட்டியில் புளிக்கவைத்துப் பசையைக் கழுவி, மேற்சட்டையோடு உலர்த்தி, கொழும்புக்கு அனுப்புவர். அங்கே சட்டை நீக்கி, பெண்கள் இருந்து பெரிது, நடுத்தரம், சிறிது, ஒற்றைக்கொட்டை, நொறுக்கு எனப் பிரிப்பர். மற்றது நாட்டுக் கோப்பி. சிங்களக் கிராமத்து வீட்டுத் தோட்டங்களில் விளைந்ததை முழுப்பழமாகவே வெயிலில் காயவைத்து உரலில் குற்றி எடுப்பர். சோனக வியாபாரிகள் ஊர் ஊராகச் சென்று வாங்குவர். அதற்கு விலை குறைவு. இந்த இரு பிரிவும் இன்றும் இந்தியாவில் உயிரோடிருக்கிறது. தமிழ்நாட்டுக் காப்பிக்கடையில் 'பிளாண்டேஷன்' என்றால் கழுவிப் பதப்படுத்திய அரபிக்கா. 'செர்ரி' என்றால் பழத்தோடு காய்ந்தது. 'பீபரி' என்றால் பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதிலாக ஒன்றே உருண்டு விளைந்த ஒற்றைக்கொட்டை. ஒற்றைக்கொட்டை உருண்டையாதலால் சட்டியில் நன்கு புரண்டு ஒரே சீராக வறுபடும் என்பது வறுப்பவர் கூற்று.

கழுவிய கோப்பி தெளிந்த மணமும் இளம்புளிப்பும் உடையது. பழத்தோடு காய்ந்தது கனத்த சுவையும் சற்றே இனிப்பும் மண்வாசனையும் உடையது. இரண்டில் எது உயர்வு என்று வாதிடுவது, சம்பாவா பச்சையா என்று வாதிடுவது போன்றதே. பிரியாணிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று.

இதனோடு இனவேறுபாடும் உண்டு. எமிலியின் தாக்குதலுக்குப் பின் நோயைத் தாங்கும் இனத்தைத் தேடியலைந்த உலகம், ஆபிரிக்கக் காட்டிலிருந்து ரொபஸ்டாவைக் கண்டெடுத்தது. 1900 ஐ ஒட்டி அது ஜாவாவில் பரவி, பின் எங்கும் பரவியது. இந்தியாவில் பாலெஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தார் அரபிக்காவிலேயே நோயைத் தாங்கும் எஸ். 795 என்ற வகையை உருவாக்கினர். கையிலுள்ள கொட்டை எதுவென அறிவது எளிது. நீண்டு, நடுக்கோடு வளைந்திருப்பின் அரபிக்கா. குறுகி உருண்டு, நடுக்கோடு நேராக இருப்பின் ரொபஸ்டா. அரபிக்காவில் கஃபீன் நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு அளவு. ரொபஸ்டாவில் அதன் இருமடங்குக்குச் சற்றுக் குறைவு. ஆகவே ரொபஸ்டா கசப்பு மிகுந்தது, நுரை கட்டுவது, பாலுக்கும் சீனிக்கும் மசாலைக்கும் அடங்காதது.

நம் லயங்களிலும் கிராமங்களிலும் கோப்பி செய்யும் முறை யாவரும் அறிந்தது. காய்ந்த பழத்தைக் குற்றிச் சுளகில் புடைத்து, தாச்சியில் கருகக் கருக வறுத்து, மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்து, அரிதட்டில் அரித்து, கொதிக்கும் நீரிலிட்டுக் காய்ச்சி, தெளிந்தபின் வடித்துக் கருப்பட்டியோ சீனியோ சேர்ப்பது. கொதிக்கவிட்டால் கொட்டையிலுள்ள நல்லதும் பொல்லாததும் சேர்ந்தே இறங்கும். மென்மையான மணம் ஆவியாகிப் போகும். அப்படியானால் மணத்துக்காக விலைகொடுத்து வாங்கிய கழுவிய அரபிக்காவை இதற்குப் போடுவது வீண். பழத்தோடு காய்ந்த வீட்டுத் தோட்டத்துக் கொட்டை, ரொபஸ்டா கலந்திருந்தாலும், இதற்கு உகந்தது. பாட்டிமார் ஏட்டில் படித்து இதைச் செய்யவில்லை. கிடைத்த கொட்டைக்கேற்ற முறையைக் கண்டார்கள்; மல்லியின் குளிர்மணம் அதன் கரகரப்பை ஆற்றியது. இம்முறைக்குத் தூள் மிக நைசாக இருத்தலும் ஆகாது. அடியில் தங்காமல் பேணிக்குள் வந்துவிடும்.

தமிழ்நாட்டு வடிகலம் வேறு. மேற்கிண்ணத்தில் தூளை இட்டு, மெல்ல அழுத்தி, சுடுநீர் ஊற்றி மூடிவைத்தால் கால்மணி, அரைமணி நேரத்தில் துளித்துளியாகக் கெட்டிச் சாறு இறங்கும். அங்கே காப்பி என்பது நூறு நூற்றைம்பது ஆண்டுப் பழக்கமே. அது தமிழர் வாழ்வில் புகுந்து பழையசோற்றின் இடத்தைப் பிடித்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி தம் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் சுவையாக எழுதியுள்ளார். இந்தக் கலத்துக்கு நடுத்தர வறுப்பும், மணலினும் சற்று நைசான அரைப்பும் வேண்டும். பிளாண்டேஷன் மூன்று பங்கு, பீபரியோ ரொபஸ்டாவோ ஒரு பங்கு என்பது நமக்குப் பிடித்த கலவை. பால் மிகுதியாகச் சேர்ப்போர் ரொபஸ்டாவைக் கூட்டிக்கொள்ளலாம். சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். அதில் கஃபீன் இல்லை. நிறத்தையும் கெட்டியையும் தருவது அது. இந்தியச் சட்டம் கலவையில் கோப்பி 51 வீதத்துக்குக் குறையலாகாது என்கிறது. அப்படியானால் மீதி 49 வீதமும் வேராகவே இருக்க இடமுண்டு என்பதை வாங்குவோர் நினைவிற் கொள்வது நல்லது. ஒருமுறை நாம் ஒரு கடையில் தூய கோப்பி என்று நம்பி வாங்கிய பொட்டலத்தைக் குளிர்ந்த நீரில் தூவிப் பார்த்தோம். கோப்பித்தூள் பெரும்பாலும் மிதக்கும். அந்தத் தூளில் பாதி உடனே மூழ்கி, தண்ணீரில் செம்பழுப்புக் கோடு கோடாக இறங்கிற்று. சிக்கரியின் குணம் அது.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் கொழும்பிலிருந்து வேறு கருவிகளும் கொண்டுவருகிறார்கள். கண்ணாடிக் கூஜாவில் தூளை ஊறவைத்து உலக்கைபோல் அழுத்தும் பிரெஞ்சுக் கலத்துக்குக் கரடுமுரடான அரைப்பும் நான்கு நிமிடமும் போதும். தாளில் வடிப்பதற்குக் கழுவிய அரபிக்காவை இளவறுப்பாகக் கொள்ளலாம். பால் சேர்ப்பது அதற்குச் செய்யும் அநியாயம். அடுப்பில் வைக்கும் இத்தாலிய மோக்காவுக்கு நைசான தூளும் ஆழ்ந்த வறுப்பும் வேண்டும். பழைய பங்களாக்களில் இருந்த பெர்கலேட்டர் இறங்கிய சாற்றையே மீண்டும் மீண்டும் தூளின்மேல் ஏற்றுவதால் எந்த நல்ல கொட்டையையும் கசக்கவைக்கும். அதனைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

நமது மலைக்கே உரிய ஒரு நன்மையைச் சொல்லாமல் விடலாகாது. வடித்தெடுக்கும் கோப்பிக்கு நீர் 90 முதல் 96 பாகை வரை சூடாயிருத்தல் நன்று என்பர். கடற்கரையில் நீர் 100 பாகையில் கொதிப்பதால், இறக்கிச் சற்று ஆறவிட வேண்டும். உயரம் ஏற ஏற நீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஏறத்தாழ ஆயிரம் அடிக்கு ஒரு பாகை. ஆகவே நமுனுகுலச் சாரலில் நாலாயிரம் அடியில் உள்ள லயத்தில் கேத்தல் கொதித்தவுடனே நீர் 96 பாகை! கொழும்பார் வெப்பமானி வைத்துப் பார்ப்பதை மலை நமக்கு இலவசமாகச் செய்து தருகிறது.

அன்றைய கேள்விக்கு வாதத்தால் விடைகாண இயலாதென்று, அடுத்த கூட்டத்தில் சோதித்தே பார்த்தோம். ஓர் உறுப்பினர் வீட்டுக் கொல்லையில் நின்ற இரண்டு அரபிக்கா மரங்களின் பழம். பாதியைத் தோலுரித்து, வாளியில் ஒன்றரை நாள் ஊறவைத்துக் கழுவி, சாக்கில் உலர்த்தினோம். மீதியைப் பழத்தோடு காயவைத்தோம். முதலாவதற்குப் பத்து நாளும், இரண்டாவதற்கு மூன்று வாரத்துக்கு மேலும் ஆயின; இடையில் பெய்த மழையில் ஒரு பகுதி பூஞ்சணம் பிடித்து எறியப்பட்டது. வறுத்த அன்றே குடிக்காமல் இரண்டு நாள் மூடிவைத்தோம். வறுத்த கொட்டை தன்னுள் அடைபட்ட வாயுவை விட அந்த அவகாசம் வேண்டும். பின் இரண்டையும் மூன்று வழியில் செய்தோம்.

கழுவியது வடிகலத்தில் இறங்கியபோது கூடம் முழுவதும் மணத்தது. அதையே மல்லியோடு காய்ச்சியபோது வெறும் வெந்நீர் போலாயிற்று. எல்லாரும் முகம் சுளித்தனர். பழத்தோடு காய்ந்தது இதற்கு நேர்மாறு. வடிகலத்தில் கனமாகவும் சற்று மந்தமாகவும் இருந்தது, மல்லியும் இஞ்சியும் பட்டுக் காய்ச்சியபோது ஓங்கி எழுந்தது. நாம் தேயிலை மக்கள் என்று சிரித்த பெரியவர் அந்தக் கோப்பியை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். குடித்துவிட்டு, தம் அப்பாயி தேயிலை ஆலையை ஒருநாளும் ஆலை என்று சொன்னதில்லை, 'ஸ்டோரு' என்றே சொல்வார் என்று நினைவுகூர்ந்தார். நாமும் அப்படித்தான் சொல்கிறோம். தேயிலைக்கு முன்னே அதே மேட்டில் நின்ற கோப்பி ஸ்டோரின் பெயர்தான் அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

அந்தக் கொல்லையின் இரண்டு மரங்களிலும் இந்த ஆண்டு சில இலைகளின் அடியில் செம்மஞ்சட் புள்ளிகள் தெரிகின்றன. நோய்பட்ட இலைகளைப் பறித்து எரித்துவிட்டு, மேலே நிழல்தரும் முருங்கையைச் சற்றுக் கவ்வாத்துச் செய்து காற்றோட்டம் விட்டிருக்கிறோம். பக்கத்தில் வாழையும் மிளகும் நிற்கின்றன. பழம் பழுத்தால், அடுத்த ஆண்டு மலர் வெளியீட்டு விழாவில் வருவோருக்கு அந்தக் கோப்பியே பரிமாறப்படும். மல்லி வேண்டுவோர் முன்கூட்டியே சொல்லிவிடுக.